ஒருவருக்கு மட்டும் இடம்

அந்த ஆஸ்பத்திரிக்குச் சுவர் கிடையாது. மலாக்கா ஊருக்கு வெளியே, தென்னந்தோப்பை ஒட்டிய திடலில் பச்சைக் கூடாரங்களை வரிசையாக அடித்திருந்தார்கள். கட்டில், மருந்துப் பெட்டி, அறுவை மேசை எல்லாம் அந்தக் கூடாரங்களுக்குள்ளேதான். மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை. அடிபட்டவர்களை ஹெலிகாப்டரில் தூக்கிவந்து எங்கள் திடலில் இறக்குவார்கள்.

நான் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்து மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் பேசத் தெரிந்த மிஸ்ஸி ஒருத்தி வேண்டும் என்று ராணுவத்திலிருந்து கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். அப்பா ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அங்கே பெரியவர் ஒரு மேஜர். வெள்ளைக்கார டாக்டர், மெலிந்த ஆள், குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் ஓய்வாக இருக்க விடமாட்டார். நோயாளிகள் குறைவாக இருக்கும் நாளாகப் பார்த்து, "நகருவோம்" என்பார். உடனே கூடாரத்தையெல்லாம் இறக்கி, பெட்டிகளைக் கட்டி லோரியில் ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்ததும் அதே இடத்திலேயே திரும்ப இறக்கி, மறுபடியும் ஆஸ்பத்திரியை எழுப்ப வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பெட்டிக்குள் கையை விட்டாலும் கத்தரிக்கோல் எங்கே, இடுக்கி எங்கே என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. ரத்தப் பாட்டில்களுக்கான ஐஸ் கட்டி தெங்கேராவிலிருந்து மரத்தூளில் புதைந்து வரும். அது உருகும் வேகத்தைக்கூடக் கவனித்துச் சொல்லச் சொல்வார்.

சிங்கப்பூருக்கு விமானத்தில் ஏற்றி அனுப்ப வேண்டிய நோயாளிகளுக்காகத் தனிப் பயிற்சி இருந்தது. புல்தரையில் கம்புகளை நட்டு, கயிறு கட்டி, ஒரு விமானத்தின் உள்ளளவைக் காட்டியிருந்தார்கள். அந்தக் கயிற்று விமானத்துக்குள் ஸ்ட்ரெச்சரைத் திருப்பி ஏற்றிப் பழகுவோம். கயிற்றில் உடம்பு பட்டால் மறுபடியும் முதலிலிருந்து. ஒருநாள் மேஜர் ரப்பர் கையுறை ஒன்றில் காற்றை ஊதிக் கட்டி எங்கள் முன்னால் தூக்கிக் காட்டினார். மேலே போகப் போக இது தானாகவே வீங்கும், நெஞ்சுக்குள் காற்று மாட்டிக்கொண்ட ஆளை அப்படியே மேலே கொண்டுபோனால் அவன் நெஞ்சுக்குள்ளும் இதுதான் நடக்கும் என்றார். அப்படிப்பட்டவனுக்கு விலாவில் குழாய் போட்டு, குழாயின் மறுமுனையைத் தண்ணீர்ப் பாட்டிலுக்குள் அமிழ்த்தி வைக்க வேண்டும். காற்று குமிழியாக வெளியேறும், திரும்ப உள்ளே போகாது. பாட்டில் எப்போதும் நோயாளியின் உடம்புக்குக் கீழேயே இருக்க வேண்டும். மேலே தூக்கினால் தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்கிவிடும். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் குழாயைக் கவ்வி போட்டு இறுக்க வேண்டும். இறுக்கினால் காற்று உள்ளேயே தங்கும். அதனால் கொஞ்ச நேரத்துக்குத்தான் இறுக்கலாம்.

இதை நான் இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பிற்பகல் முழுவதும் என் உலகம் அந்தப் பாட்டிலாகத்தான் இருந்தது.

நான் தங்கியிருந்தது காஜா பெராங்கில், செட்டிகள் குடியிருக்கும் கம்பத்தில். வீட்டுக்காரம்மா மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன்பே அங்கே குடியேறி மலாய் பேசப் பழகிய தமிழ் வம்சம். சரோங்கும் கெபாயாவும் உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசியிருப்பார். பேச்சு முழுவதும் மலாய். சாமி, அம்மா, பொட்டு என்று சில சொற்கள் மட்டும் தமிழாக வந்து விழும். நான் அவரை மக்சிக் என்று கூப்பிடுவேன், சின்னம்மா மாதிரி. அவர் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில்தான் எழுதுகிறேன். கணவர் இல்லை. ஒரே மகன். என்னைவிடச் சில வயது இளையவன், அக்கா என்பதற்கு "கக்கா" என்பான், அம்மாவை "மாக்" என்பான். போலீசில் சேர்ந்து, காட்டுக்குள் போகும் படையில் இருந்தான். விடுப்பில் வந்தால் மூன்று ஆள் சோற்றைத் தின்றுவிட்டு மாலைவரை தூங்குவான். அவன் காட்டில் இருக்கும் நாட்களில் மக்சிக் சாயங்காலம் என் முகத்தைத்தான் பார்ப்பார். "இன்னிக்கு ஹெலிகாப்டர் வந்துச்சா?" என்று கேட்பார். வரவில்லை என்றால் எனக்கு முதலில் சோறு போடுவார். வந்தது என்றால், யார் என்று நான் சொல்லும்வரை கரண்டியைக் கையிலேயே வைத்திருப்பார்.

அந்த நாள் காலையில் ஹெலிகாப்டர் வந்தது. வெள்ளைத் துணியை விரித்து, காற்று எந்தப் பக்கம் என்று காட்டப் புகையைக் கொளுத்திவிட்டு நாங்கள் காத்திருந்தோம். இரண்டு ஸ்ட்ரெச்சர்கள் இறங்கின. முதலாமவன் வெள்ளைக்காரச் சிப்பாய், சின்னப் பையன் போன்ற முகம், தலையில் சுற்றிய துணி முழுவதும் ரத்தம். இரண்டாமவன் முகம் சேற்றில் மூடிக் கிடந்தது. மூச்சு நாய்க்கு இளைப்பதுபோல் குறுகிக் குறுகி வந்தது. ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க மக்சிக்கின் மகன் வெளியே வந்தான்.

அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். "கக்கா" என்றான். பிறகு, "மாக் கிட்ட சொல்லாதீங்க."

"சொல்லல. பேசாம மூச்ச விடு."

வலது நெஞ்சில் குண்டு நுழைந்து முதுகுப் பக்கம் வெளியேறியிருந்தது. மேஜர் உடனே விலாவில் குழாய் போட்டார். பாட்டில் தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழி விட்டது. பின்னால் ரத்தமும் வந்தது. அவன் உதட்டின் நீலம் கொஞ்சம் குறைந்தது. சிப்பாய்க்கு மண்டை ஓட்டின் ஒரு துண்டு உள்ளே அமிழ்ந்திருந்தது. கூப்பிட்டால் முதலில் முனகியவன், சிறிது நேரத்தில் முனகுவதையும் நிறுத்திவிட்டான். ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாக விரிய ஆரம்பித்திருந்தது.

மேஜர் கையைக் கழுவிக்கொண்டே எங்களிடம் சொன்னார். "இரண்டு பேரும் சிங்கப்பூர் போக வேண்டும். தலையைத் திறப்பவரும் அங்கேதான், நெஞ்சைத் திறப்பவரும் அங்கேதான். தலை முதலில். தலைக்கு இங்கே நான் செய்யக்கூடியது எதுவுமில்லை. நெஞ்சு மோசமானால் நானே திறக்க முயற்சி செய்யலாம்." கொஞ்சம் நிறுத்தி, "பழக்கமில்லை" என்றார்.

ஹெலிகாப்டரால் அவ்வளவு தூரம் போக முடியாது. காட்டில் இன்னும் ஆட்கள் அதற்காகக் காத்திருந்தார்கள். ரோட்டு வழியாகப் போனால் மூவாரில் ஒரு ஃபெரி, பத்து பஹாட்டில் ஒரு ஃபெரி. வழியெல்லாம் சோதனைச் சாவடி. அந்தக் குலுக்கலில் தலைக்காரன் பாதி வழிகூடத் தாங்க மாட்டான். பத்து பெரண்டாம் விமானத் திடலுக்கு மதியம் சிங்கப்பூரிலிருந்து ஒரு விமானம் வரும் என்று ரேடியோவில் செய்தி வந்தது. மேஜர் மேசையை விட்டு வர முடியாது. வயிற்றில் அடிபட்ட இன்னொருவன் அடுத்த ஹெலிகாப்டரில் வந்துகொண்டிருந்தான். அதனால் நானும், விமானப் பயிற்சி பெற்ற ஒரு வெள்ளைக்காரக் கார்ப்பரலும் இருவரையும் ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். டிரைவர் தெங்கேராக்காரர், தமிழர், நடுத்தர வயது. நான் அவரை அண்ணே என்பேன்.

திடலுக்குப் போய்ச் சேரும்போதே கடல் பக்கம் வானம் கறுத்துவிட்டது. நாங்கள் வண்டியை நிறுத்தியதும் மழை பிடித்துக்கொண்டது. திடலின் அந்தக் கோடி தெரியவில்லை. தகரக் கொட்டகையில் ரேடியோவோடு உட்கார்ந்திருந்தவன் ஓடிவந்து, விமானம் கிளம்பிவிட்டது, ஆனால் மழை விடும்வரை இறங்காது என்று சொல்லிவிட்டு ஓடினான்.

ஆம்புலன்சுக்குள் இரண்டு பக்கமும் இரண்டு பேர், நடுவில் நானும் கார்ப்பரலும். ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றுதான் கொண்டுவந்திருந்தோம். சின்னப் பயணம் என்று நினைத்திருந்தோம். குழாயைப் பிரித்து இருவருக்கும் கொடுத்தோம். முள் இறங்குவதைப் பார்த்துக் கார்ப்பரல் திருகைக் கொஞ்சம் குறைப்பான். நான் மக்சிக்கின் மகனின் நகத்தைப் பார்த்து, "கூட்டு" என்பேன். அவன் சிப்பாயின் கண்ணைத் திறந்து பார்ப்பான். திரும்ப மூடுவான். கூரையில் மழை அடித்த சத்தத்தில் நாடியை எண்ண முடியவில்லை. விரலால் மட்டும் உணர்ந்தேன்.

பாட்டிலைத் தரையில் என் இரண்டு பாதங்களுக்கு நடுவில் வைத்திருந்தேன். குமிழி வரும். நிற்கும். அவன் இருமினால் மறுபடியும் வரும். அது நின்ற ஒவ்வொரு தடவையும் குனிந்து குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்த்தேன்.

மழைக்குள் ஒரு பெச்சா, ஆள் மிதிக்கும் ரிக்ஷா, வந்தது. முன்னால் போர்த்தியிருந்த கித்தானை விலக்கிக்கொண்டு மக்சிக் இறங்கினார். போலீசிலிருந்து யாரோ வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஆம்புலன்சின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே ஏறவில்லை. மகனுடைய பாதத்தை மட்டும் தொட்டார்.

"உள்ள வாங்க மக்சிக், நனையறீங்க."

"எடம் இல்ல. நீ அவனப் பாரு." பிறகு விமானத்தைப் பற்றிக் கேட்டார், "காப்பால் தெர்பாங் எப்ப வரும்?"

"மழை விட்டதும்."

அவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். டிரைவர் அண்ணன் தன் ரப்பர் கோட்டைக் கழற்றி அவர் தலைமேல் போட்டார். அவர் அதையும் கவனிக்கவில்லை.

பிற்பகல் முழுவதும் அப்படியே போனது. மழை தணிவதுபோல் இருக்கும், மறுபடியும் கொட்டும். ஒரு தடவை மேலே எஞ்சின் சத்தம் கேட்டது. எல்லோரும் வெளியே தலையை நீட்டினோம். சத்தம் வட்டமடித்துத் தேய்ந்து போய்விட்டது. ரேடியோக்காரன் வந்து, அது கிள்ளான் பக்கம் போய்விட்டது, எண்ணெய் போட்டுக்கொண்டு திரும்பும் என்றான். திரும்புமா என்று நான் கேட்பதற்குள் அவன் கொட்டகைக்கு ஓடிவிட்டான். ஆக்சிஜன் முள் சிவப்புக் கோட்டுக்கு வந்துவிட்டது.

டிரைவர் அண்ணன் என் காதருகே குனிந்தார். "மிஸ்ஸி, திரும்பிடலாமா? மேஜர்கிட்டயாவது கொண்டுபோயிடலாம்."

"தலையில அடிபட்டவனுக்கு மேஜரால ஒண்ணும் செய்ய முடியாதுண்ணே. நாம கிளம்பின உடனே ப்ளேன் வந்துட்டா?"

"வராமப் போச்சுன்னா?"

கூடாரத்தை மடிக்கவும் எழுப்பவும் எத்தனையோ தடவை பழகியிருந்தோம். வராத விமானத்துக்காகக் காத்திருக்க யாரும் எங்களைப் பழக்கவில்லை.

வெளிச்சம் மங்கத் தொடங்கிய நேரத்தில் மழை சட்டென்று விட்டது. மேகத்தின் கிழிசல் வழியாக விமானம் இறங்கியது. தண்ணீரை வாரியடித்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி நின்றது. எஞ்சினை அணைக்கவில்லை. விமானி கதவைத் திறந்து ஒரு விரலைக் காட்டினான்.

"ஒருவர்தான். வடக்கு முகாமிலிருந்து ஒரு காய்ச்சல்காரனை ஏற்றி வந்திருக்கிறேன். ஒரு படுக்கைதான் மிச்சம். சீக்கிரம். இருட்டுக்குள் சிக்கினால் யாருமே போக முடியாது."

கார்ப்பரல் என்னைப் பார்த்தான். "தரையில் வைத்தால்?" என்றான்.

நானும் அதைத்தான் நினைத்தேன். தலைக்காரனுக்குப் படுக்கை, நம் ஆளுக்குத் தரை. தரையில் கிடப்பவனை முதலில் ஏற்றினால்தான் திரும்ப இடம் இருக்கும். பாட்டிலின் குழாயைக் கவ்வி போட்டு இறுக்கினேன். டிரைவர் அண்ணனும் கார்ப்பரலும் மக்சிக்கின் மகனைத் தூக்கினார்கள். நான் பாட்டிலோடு கூடவே ஓடினேன். கதவருகே ஸ்ட்ரெச்சரைச் சாய்த்து, திருப்பி, உள்ளே தள்ளினார்கள். எங்கள் கயிற்று விமானத்தைவிட இது குறுகல். எப்படியோ உள்ளே போய்விட்டது. மக்சிக் பின்னாலேயே வந்து நின்றார். மகன் உள்ளே போனதைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார். "சாமி" என்றார்.

நான் உள்ளே ஏறி அவன் பக்கத்தில் முட்டி போட்டேன். பாட்டிலை வைக்க இடம் தேடினேன். அப்போதுதான் புரிந்தது. அவன் தரையில் கிடக்கிறான். தரைக்குக் கீழே என்று ஓர் இடம் விமானத்துக்குள் கிடையாது. பாட்டிலை எங்கே வைத்தாலும் அது அவன் நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலேயோதான் இருக்கும். தண்ணீர் உள்ளே போகாமலிருக்க வழி முழுவதும் குழாயை இறுக்கியே வைத்திருக்க வேண்டும். இறுக்கி வைத்தால் மேலே போகப் போக நெஞ்சுக்குள் இருக்கும் காற்று வீங்கும். இறுக்கிச் சில நிமிடம்கூட ஆகவில்லை, இப்போதே அவன் கழுத்து நரம்புகள் புடைத்துக்கொண்டு வந்தன.

விமானியிடம் கத்தினேன். "மரங்களின் உயரத்திலேயே பறக்க முடியுமா?"

"இந்த மேகத்திலா? மலையில் மோதச் சொல்கிறாயா?"

"அந்தக் காய்ச்சல்காரனைத் தரைக்கு மாற்றினால்?"

கார்ப்பரல் எட்டிப் பார்த்தான். கட்டுகள், ஊசிக் குழாய், மேலே ஒரு பாட்டில், பக்கத்தில் ஒரு மிஸ்ஸி. அவிழ்த்து மாற்றிக் கட்ட நேரமில்லை. இன்னொரு மேகம் திடலின் கோடிக்கு வந்துகொண்டிருந்தது. விமானி திரும்பிப் பார்க்கவே இல்லை.

"இறக்குங்க" என்றேன்.

டிரைவர் அண்ணன் அசையவில்லை. "மிஸ்ஸி, ஏத்தியாச்சு."

"இவன் மேலே போனா செத்துருவான்ணே. இறக்குங்க."

இறக்கினார்கள். அவனைப் புல்மேல் வைத்ததும் பாட்டிலைப் பக்கத்துப் பள்ளத்தில் இறக்கிக் கவ்வியைத் திறந்தேன். பாட்டிலில் குமிழி பொங்கியது. அவன் மூச்சை இழுத்தான். அதற்குள் வெள்ளைக்காரச் சிப்பாயைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ஓடினார்கள். உத்தரவுப்படி தலைக்காரனோடு போக வேண்டியவள் நான்தான். கார்ப்பரலின் கையைப் பிடித்தேன். "நீ போ. தலைக்கு வேண்டியதெல்லாம் உனக்குத் தெரியும். நான் இவனோடு இருக்கிறேன்." அவன் உடனே ஏறிக்கொண்டான்.

மக்சிக் இவ்வளவையும் பார்த்துக்கொண்டு நின்றார். மகனை உள்ளே ஏற்றியதையும் பார்த்தார், நான் சொன்ன சொல்லுக்கு அவனை வெளியே இறக்கியதையும் பார்த்தார். அவன் இருந்த இடத்தில் வெள்ளைக்காரன் ஏறியதையும் பார்த்தார். நேராக நடந்துபோய் விமானத்துக்கு முன்னால், சுழலும் விசிறிக்கு எதிரே நின்றுகொண்டார். ரப்பர் கோட்டு பறந்துபோனது. கொண்டை அவிழ்ந்து முடி பின்னால் பறந்தது. விமானி கையை வீசிக் கத்துகிறான். அவர் நகரவில்லை.

பாட்டிலை டிரைவர் அண்ணன் கையில் கொடுத்து, "தூக்காதீங்க, கீழயே வைங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன். பின்னாலிருந்து மக்சிக்கின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து இழுத்தேன். அவர் என்னைவிட உயரம் குறைவு. ஆனால் அன்று அவர் கால் தரையில் வேர் விட்டிருந்தது. என் கையைக் கீறினார். "ஏத்து. அவன திருப்பி ஏத்து" என்றார், அவ்வளவுதான், அதையே திரும்பத் திரும்ப. கடைசியில் இரண்டு பேருமாகச் சேற்றில் விழுந்தோம். எங்களைச் சுற்றிக்கொண்டு விமானம் ஓடி மேலே எழும்பியது.

நான் எழுந்து அவருடைய கையைப் பிடித்துத் தூக்கினேன். "மக்சிக், வண்டியில ஏறுங்க. எனக்கு ரெண்டு கைதான் இருக்கு. நீங்க வேணும்."

ஆக்சிஜன் திரும்பும் வழியிலேயே தீர்ந்துவிட்டது. மழையில் ரோடு பல இடங்களில் மூழ்கிக் கிடந்தது. அண்ணன் வண்டியை ஊர்ந்து ஓட்டினார். மக்சிக்கை வண்டியின் தரையில் உட்காரவைத்து, பாட்டிலை அவர் இரண்டு கைகளுக்குள்ளும் கொடுத்தேன். "எது நடந்தாலும் இதத் தூக்கக் கூடாது." அவர் தலையை ஆட்டினார். பாட்டிலை நெஞ்சோடு அணைக்காமல் தரையோடு அழுத்திப் பிடித்தார்.

பாதி வழியில் குமிழி நின்றது. இருமச் சொன்னேன். அவனால் இரும முடியவில்லை. குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. அவன் உதடு கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியது. கண் மேலே செருகியது. குழாயை ஒரு கையால் நெஞ்சுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, மறுகையின் விரல்களால் அழுத்தி, மாட்டு மடியில் பால் கறப்பதுபோல் கீழ்நோக்கி வழித்தேன். ரத்தத்தில் விரல் வழுக்கியது. பாவாடையில் துடைத்துவிட்டு மறுபடி வழித்தேன். எத்தனை தடவை என்று தெரியாது. அவன் மூச்சு நின்றுவிட்டது என்று நான் நினைத்த நேரத்தில் குழாய்க்குள் கறுப்பாக ஒரு கட்டி நகர்ந்தது. நகர்ந்து, இறங்கி, பாட்டிலுக்குள் விழுந்தது. தண்ணீர் பொங்கியது. பாட்டில் அதிர்ந்ததை மக்சிக் கையில் உணர்ந்திருக்க வேண்டும். "ஹிடோப்?" என்று கேட்டார். உயிரோட இருக்கானா என்று.

"இருக்கான்."

கூடாரத்தில் மேஜர் அப்போதுதான் வயிற்றுக்காரனை முடித்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எப்படித் திரும்பி வந்தீர்கள் என்று கேட்கவில்லை. ஜெனரேட்டர் விளக்கை மேசைக்கு மேல் இழுத்தார். "சரி" என்றார். அன்று இரவு அவர் அந்த நெஞ்சைத் திறந்தார். ஒவ்வொரு தையலுக்கும் முன்னால் ஒரு கணம் நிறுத்தி, உதட்டை அசைத்து, தனக்குத்தானே பாடம் சொல்லிக்கொண்டார். ஐஸ் பெட்டியில் இருந்த ரத்தமெல்லாம் போனது. மேலும் ரத்தம் கொடுக்கச் சமையல்காரர்கள்கூட வரிசையில் வந்து நின்றார்கள். டிரைவர் அண்ணனும் கொடுத்தார். அவன் பிழைத்தான்.

மறுநாள் கார்ப்பரல் திரும்பி வந்தான். சிப்பாய்க்குத் தலையைத் திறந்து துண்டை எடுத்துவிட்டார்கள், கண் விழித்திருக்கிறான், தன் பெயர் மட்டும் நினைவில்லை என்றான். பின்னால் கப்பலில் ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். அதற்குமேல் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அதன் பிறகு எங்கள் பயிற்சி மாறியது. மேஜர் கயிற்று விமானத்தைப் பிரித்து, சிறிதாக, ஒரே படுக்கையோடு திரும்பக் கட்டச் சொன்னார். ஏற்றுவதோடு பயிற்சி முடியவில்லை. ஏற்ற முடியாமல் நின்றுபோனவனோடு யார் இருப்பது, அவனுக்குத் தனி ஆக்சிஜன், திரும்பி வரும் வழி, எல்லாவற்றையும் பழகினோம். நின்றுபோகும் ஆளாகப் பெரும்பாலும் டிரைவர் அண்ணன்தான் ஸ்ட்ரெச்சரில் படுப்பார். "என்ன மட்டும் எப்பயும் விட்டுட்டுப் போறீங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. ஒருநாள் அவர் சிரிக்காமலேயே கேட்டார். "மிஸ்ஸி, அந்தச் சிப்பாய் நம்மாளா இருந்து, இவன் வெள்ளைக்காரனா இருந்தா?"

"அப்பவும் தலைதாண்ணே முதல்ல."

"நீங்க அப்படித்தான் செய்வீங்க. அது எனக்குத் தெரியும்" என்றார். மற்றவர்களைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

காஜா பெராங் வீட்டில் மக்சிக் எனக்கு முன்போலவே சோறு போட்டார். மகன் வீட்டுக்கு வந்து, திண்டுகளை அடுக்கிச் சாய்ந்தபடி தூங்கக் கற்றுக்கொண்டான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஒருநாள் நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்ததும் உட்காரச் சொன்னார்.

"நீ வேற வீடு பாத்துக்கோ."

நான் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தேன்.

"உன் மேல கோபம் இல்ல. அன்னிக்கு நீ அவன எறக்கலன்னா செத்திருப்பான்னு டாக்டர் என்கிட்டச் சொன்னாரு. நீதான் வழியில மூச்ச மீட்டுக் குடுத்த. நானே பாத்தேன். எல்லாம் தெரியும்." அவர் மேசையில் இருந்த ஒரு பருக்கையை விரலால் ஒட்டி எடுத்தார். "ஆனா அவன வெளிய எறக்கின நேரம் என் வயித்துக்குள்ள ஒண்ணு ஆச்சு. உன்னப் பாக்கும்போதெல்லாம் அது திரும்ப ஆவுது. நான் என்ன செய்ய?"

நான் தெங்கேராவில் ஒரு சீனர் கடைக்கு மேலே அறை எடுத்துக்கொண்டேன். போகிற அன்று அவர் வாசல்வரை வந்தார். பையைத் தூக்கி பெச்சாவில் வைத்தார். இரண்டு பேரும் அழவில்லை.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடத்தில் அந்தக் கூடார ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டு வேறு இடம் போனது. நான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மக்சிக்கின் மகன் என் அறைக்கு வந்தான். அவன் மாடிப்படி ஏறுவது எனக்கு உள்ளே கேட்டது. பாதியில் நின்றான். மறுபடி ஏறினான். மறுபடி நின்றான். கதவைத் திறந்தபோது சிரித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். போலீஸ் ஸ்டேஷனில் உட்காரும் வேலை கொடுத்திருக்கிறார்களாம். அம்மா அனுப்பியது என்று ஒரு சோற்றுப் பொட்டலம் கொடுத்தான், இன்னும் சூடாக இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தான். "கக்கா, ஒண்ணு கேக்கவா? அந்த வெள்ளைக்காரன்... அவனுக்குப் பதிலா அந்தப் படுக்கையில நான் போயிருந்தா அவன் செத்திருப்பானா?"

"ஆமா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப சரி" என்றான்.

அவன் சரி என்று சொன்னது சமாதானமாகித்தானா, எனக்காகச் சொன்னதா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவன் கேட்காத ஒரு கேள்வி இருந்தது. அவன் மட்டும் அடிபட்டு வந்திருந்தால், காஜா பெராங் போலீஸ்காரன் ஒருவனுக்காக மட்டும், அந்த மழையில் சிங்கப்பூரிலிருந்து ஒரு விமானம் கிளம்பியிருக்குமா? அதைக் கேட்டிருந்தால் நிச்சயமா என்ற சொல்லை என்னால் சொல்லியிருக்க முடியாது.

தேநீர் குடித்துவிட்டு எழுந்தான். அம்மாவிடம் என்ன சொல்ல என்று கேட்டான். சாப்பிட்டேன் என்று சொல் என்றேன். படியில் இறங்கினான். இறங்குவது அவனுக்குக் கஷ்டமில்லை.